மரணத்தை நம்பிக்கையோடு எதிர்கொள்வது: மலைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சபையின் வீடு சந்திப்புக் குழுவோடு நோயாளிகளைப் பார்க்கப் போய்வருகிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள், படுகர் ஊர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்புகள் என்று எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். நோயாளியின் காதில் விழாதபடி வாசல் வரை கூடவே வந்து, தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நிதானமாகச் சொல்ல நினைத்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வேத வசனமும் வரும். மாத்திரை, பத்திரம், பதிவு பற்றிய பேச்சும் வரும். சாவை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

வாரம் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். ஆனாலும் சாவை நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. எனக்கு விசுவாசம் இல்லையா?

இருக்கிறது. பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. வேதம் அப்படிச் சொல்லவில்லை. கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். தனியாக இருக்க முடியாமல் சீஷர்களைக் கூட விழித்திருக்கச் சொன்னார். இந்தத் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று முகங்குப்புற விழுந்து கேட்டார். அதன் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். இறந்துபோன தம் நண்பன் லாசருவின் கல்லறையில், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறார் என்றிருந்தும் கண்ணீர் விட்டார். மரணத்தை அப்போஸ்தலன் பவுல் "கடைசிச் சத்துரு" என்கிறார். சத்துருவைக் கண்டால் உடம்பு நடுங்கத்தான் செய்யும்.

பயப்படுகிறவரிடம் "பயப்படாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாமல், எதற்குப் பயம் என்று கேளுங்கள். பலருக்கு நியாயத்தீர்ப்பைப் பற்றிய பயம் இருக்காது. வலி தாங்க முடியாமல் போகுமோ, மூச்சுத் திணறுமோ, மகளுக்குப் பாரமாகிவிடுவோமோ, இரவில் யாரும் இல்லாத நேரத்தில் போய்விடுவோமோ என்பவைதான் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அவற்றைச் செய்து கொடுத்த பிறகு, மீதியிருக்கும் பயத்தோடு ஜெபத்தில் உட்காரலாம்.

கடவுள்மேல் எளிய நம்பிக்கை என்கிறார்கள். அது படிக்காதவர்களுக்கு உரியதா?

எல்லோருக்கும் உரியது, படித்தவர்கள் அதற்கு வந்து சேரக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் அப்பாவின் தோளில் தூங்கிவரும் குழந்தைக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று தெரியாது, பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாது, அப்பாவின் தோள் மட்டும் தெரியும். பாதையைப் பற்றிய விவரம் கிடைத்த பிறகுதான் நம்புவேன் என்பவருக்கு மரணத்தின் முன்னால் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அந்த விவரம் யாரிடமும் இல்லை. யார் கூட வருகிறார் என்பது மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரு தோட்டத்து லயனில் படுத்திருந்த பாட்டியை மறக்க முடியாது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். விரல் நுனிகளில் வெடிப்புகள்; வேலையை விட்டு வெகுநாளாகியும் அந்த வெடிப்புகளுக்குள் ஊறிய தேயிலைக் கறை போகவில்லை. "ஜெபம் பண்ண வார்த்தை வரமாட்டேன் என்கிறது சிஸ்டர். நீங்கள் சொல்லுங்கள், நான் ஆமென் போடுகிறேன்" என்றார். இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினேன். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஆமென்" என்றார். சங்கீதத்தில் இன்னும் வசனங்கள் இருந்தன. அவருக்கு அது போதுமாயிருந்தது. இறையியல் கல்லூரியில் படித்தவருக்கும் கடைசியில் அந்த ஒரு வரிக்கு மேல் தேவைப்படுவதில்லை என்பது படுக்கையருகே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது.

உபவாசம் இருந்தோம், உதகையின் காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போய் வேண்டினோம், ஊழியக்காரர்களை அழைத்து ஜெபித்தோம். சுகமாகவில்லை. "உங்கள் விசுவாசம் போதாது" என்கிறார்கள். உண்மையா?

பொய். அதுவும் நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்லப்படும்போது கொடுமையான பொய். புற்றுநோயில் எலும்பும் தோலுமாகக் கிடப்பவரின்மேல், உன் வியாதிக்கு நீயே காரணம் என்ற சுமையையும் ஏற்றி வைக்கிறார்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கா விசுவாசம் குறைவு?

சுகத்துக்காக ஜெபியுங்கள். கடைசி மூச்சு வரை ஜெபிக்கலாம், தவறே இல்லை. ஆனால் "இன்ன தேதிக்குள் எழுந்து நடப்பார்" என்று வாக்குக் கொடுத்து மருந்தை நிறுத்தச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மரியாதையாகவே சொல்லலாம், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். லாசருகூட எழுப்பப்பட்ட பிறகு மறுபடியும் ஒருநாள் இறந்திருப்பார். நமக்குக் கொடுக்கப்பட்ட நம்பிக்கை இந்த வாரம் பிழைப்பதைவிடப் பெரியது: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்."

அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது. அவரிடம் சொல்லலாமா? சொன்னால் உடைந்துபோவார் என்று அண்ணன் தடுக்கிறான்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் அறைக்கு வெளியே நீங்கள் கிசுகிசுப்பதையும், திருவிழாவுக்குக்கூட வராத உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போவதையும் அவர் கவனித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். நீங்கள் அவருக்காக நடிக்கிறீர்கள், அவர் உங்களுக்காக நடிக்கிறார். நடுவில், சொல்ல வேண்டிய எதுவும் சொல்லப்படாமல் நாட்கள் போய்விடுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடவும் வேண்டாம். "அப்பா, உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பொய் மட்டும் வேண்டாம். உண்மை தெரிந்த பிறகு மனிதர்கள் செய்யும் காரியங்களைப் பார்த்திருக்கிறேன்: பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பியைக் கூப்பிட்டு அனுப்புவது, நிலத்தின் எல்லையைச் சொல்வது, ஆயரை வரவழைத்துத் திருவிருந்து வாங்குவது, மனைவியிடம் இதுவரை சொல்லாத நன்றியைச் சொல்வது. இவற்றை அவரிடமிருந்து பறித்துவிட உங்களுக்கு உரிமை கிடையாது.

கோவைக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? கொண்டுபோகாவிட்டால் கொன்றுவிட்டோம் என்று ஊர் சொல்லாதா?

மலையில் இருக்கிறவர்களை உலுக்கி எடுக்கும் கேள்வி இதுதான். குணமாகக்கூடிய நோய், விபத்து, மாரடைப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். நான் பேசுவது மருத்துவர்களே இனிக் குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்ட நிலையைப் பற்றி. அந்த நிலையில் இருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டு போய், பர்லியாறு தாண்டுவதற்குள் உயிர் பிரிந்து, திரும்பவும் அதே வளைவுகளில் ஏறி வந்த குடும்பங்கள் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்ச் சேர்ந்தாலும், ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் உள்ளே விடுவார்கள். அவர் கையைப் பிடித்திருக்க வேண்டியவர்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அடகுக்கடை ரசீதை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இனி மருத்துவத்தால் மீட்க முடியாதவரை வீட்டில், தன் கட்டிலில், தன் மக்கள் நடுவே சாக விடுவது கொலை ஆகாது. உயிர் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேளையில் குறுக்கே நிற்காமல் கூட நிற்பது அது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. செயற்கை சுவாசக் கருவி போன்றவை எனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த மனநிலையில் இருக்கும்போது, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அலுவலரிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். தமக்கு முடியாத நிலையில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம். ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை, சபையும் ஏற்பதில்லை.

வீட்டில் வைத்துக்கொண்டால் ஆதரவில்லாமல் விடவேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பராமரிப்பும் சேர்ந்தே இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கவலைக்கு என் பதில் ஒன்றுதான்: ஊர் இரவில் வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப்போவதில்லை.

மார்ஃபின் கொடுக்கிறார்கள். அது மயக்கிக் கொல்லும் மருந்து அல்லவா? ஆண்டவரே சிலுவையில் வலியோடுதானே மரித்தார்?

வலியின் அளவுக்குத் தக்கபடி மருத்துவர் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. முதல் சில நாட்கள் தூக்கம் அதிகமாயிருக்கும், மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். சிலுவையில் அறையும்போது வலி மரக்கக் கொடுத்த, வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை ஆண்டவர் குடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொன்ன உவமையில் நல்ல சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துத்தான் கட்டினான். தம் வலியைத் தாமே சுமந்தவர், பிறர் வலியைக் கண்ட இடத்திலெல்லாம் நீக்கினார். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி, சாகிறவர்களுக்கு வலி தணிக்கும் மருத்துவத்துக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. கத்தோலிக்கத் திருச்சபையும் 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் காலத்திலேயே இதற்குத் தெளிவான அனுமதி தந்துவிட்டது. வலி அடங்கினால்தான் அவரால் ஜெபிக்கவே முடியும்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும்? அருகில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

சாப்பாடு குறையும். பசி போய்விட்ட உடம்பு அது. வாயைத் திறந்து கஞ்சி ஊற்றினால் புரையேறும். உதடு காயாமல் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். சிறுநீர் குறையும். நாளில் பெரும்பகுதி தூங்குவார். தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். கேட்கிறவர்களுக்குத்தான் அது கஷ்டம், அவருக்குப் பெரும்பாலும் உணர்வு இருக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். மூச்சு நின்று நின்று வரும். இறந்துபோன அம்மாவைப் பார்த்ததாகச் சிலர் பேசுவார்கள். மறுத்து வாதாட வேண்டாம்.

கையும் காலும் சில்லிட்டுப்போகும். இங்கேதான் மலைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளிருகிறதே என்று கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. நோயாளியோடு காவலுக்குப் படுத்தவரும் எழுந்திருக்கமாட்டார். உணர்வு மங்கிய காலில் வெந்நீர்ப் பையை வைத்தாலும் தோல் வெந்துபோகும். கம்பளியும் காலுறையும் போதும்.

காது கடைசி வரை கேட்கக்கூடும். ஆகவே சொத்துப் பேச்சை அந்த அறையில் பேசாதீர்கள். அவருக்குத் தெரிந்த சங்கீதத்தை, தெரிந்த பாட்டை மெதுவாகச் சொல்லுங்கள். புதிய பிரசங்கம் வேண்டாம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் நிம்மதியாகப் போகலாம்" என்று பிள்ளைகள் சொல்வது பெரிய உதவி. ஆண்டவர் கடைசியாகச் சொன்ன ஜெபமே நம் எல்லோருக்கும் போதும்: "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." சிறு பிள்ளையும் மனப்பாடம் செய்துகொள்ளும் அளவுதான் அது.

இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?

கிறிஸ்துவோடு இருக்கிறார். கூடச் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொல்லப்பட்டது. அவனுக்கு ஞானஸ்நானமும் இல்லை, நற்கிரியைகளும் இல்லை, "அடியேனை நினைத்தருளும்" என்ற ஒரே விண்ணப்பம்தான் இருந்தது. உடல் உயிர்த்தெழும் நாள் இனிமேல்தான் வரவேண்டும். அதனால்தான் உடலை மரியாதையோடு அடக்கம் செய்கிறோம். பரலோகத்தின் வரைபடமோ அட்டவணையோ வேதத்தில் கிடையாது. கத்தோலிக்கர் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைகளை ஆசீர்வதித்து இறந்தோருக்காக மன்றாடுகிறார்கள். கத்தோலிக்கரல்லாத எங்கள் சபையில் இறந்தோருக்காக நன்றி சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அடக்க வீட்டில் இதை வைத்துச் சண்டை போடுவது அழகல்ல.

எங்கள் குழந்தை இறந்துவிட்டது. ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை.

தாவீது ராஜாவின் குழந்தை ஏழாம் நாளில் இறந்தது. "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றார். போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர் எழுந்து முகம் கழுவினார். சிறு பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்ற ஆண்டவர், உங்கள் பிள்ளையை மட்டும் வாசலில் நிறுத்தமாட்டார்.

இந்த மலைகளில் பிள்ளையை இழந்தவர்கள் நீங்கள் மட்டுமல்ல. உதகை புனித ஸ்தேவான் ஆலயத்தில் 1831 ஈஸ்டரன்று ஆராதனை தொடங்கியது. உதகை நகரத்தை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பழனி மலையிலும் அப்படித்தான்: காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் 1845-இல் கொடைக்கானலுக்கு ஏறின. நல்ல காற்று பிழைக்கவைக்கும் என்று நம்பி வந்தவர்களும் தங்கள் பிள்ளைகளை அடக்கம் செய்யத்தான் வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் உங்கள் வலி குறையாது. ஆனால் நீங்கள் சரியாகக் கவனிக்காததால் இறந்தது என்று உங்களையே குற்றம் சாட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். குழந்தைக்கு வைத்த பெயரைச் சொல்லுங்கள். மற்றவர்களையும் சொல்ல விடுங்கள்.

திடீரென்று போய்விட்டார். மனந்திரும்பக்கூட நேரமில்லை. இது கடவுளின் தண்டனையா?

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவு வீட்டில் தூங்கியவர்கள்கூட மண்ணுக்குள் போனார்கள். அப்போதும் "என்ன பாவம் செய்தார்களோ" என்று பேசியவர்கள் இருந்தார்கள். எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி ஆண்டவர், மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொன்னார். மழையில் சரிவு ஏன் விழுகிறது என்பதற்கு, வெட்டப்பட்ட மரங்களிலும் சரிவில் தோண்டிக் கட்டிய கட்டடங்களிலும் போதுமான காரணங்கள் இருக்கின்றன.

மனந்திரும்ப நேரமிருந்ததா என்பதை அளக்கும் கடிகாரம் நம்மிடம் இல்லை. கடைசி ஒரு நொடியில் என்ன நடந்தது என்பது அவருக்கும் தேவனுக்கும் இடையிலானது.

தற்கொலை செய்துகொண்டவருக்கு நம்பிக்கை உண்டா?

உண்டு. மனம் நோயுற்று, வேறு வழியே தெரியாத இருட்டில் எடுத்த முடிவை வைத்து ஒருவரின் முழு வாழ்வையும் தேவன் எடைபோடுவார் என்று நான் நம்பவில்லை. மரணமானாலும் ஜீவனானாலும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அந்த வரிசையில் விதிவிலக்கு எழுதப்படவில்லை. அந்த வீட்டுக்கும் போங்கள், கல்லறை வரை நடங்கள்.

இதை வாசிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 104 அல்லது 14416 உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

உடலை எரிக்கலாமா?

எரிக்கலாம். மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கியவருக்குச் சாம்பல் ஒரு தடையல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் அனுமதித்தது. சாம்பலைத் தூவக்கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் தெளிவுபடுத்தியது. மற்ற சபையினர் ஆயரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நன்றாக இருக்கும்போதே என்ன ஆயத்தம் செய்யலாம்?

"நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி, எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்பது மோசேயின் ஜெபம். அபசகுனமாகப் பேசாதே என்று வாயை அடைக்கும் வீட்டில் இந்த ஜெபத்துக்கு இடமில்லாமல் போகிறது. உயில் எழுதுங்கள். வங்கிக் கணக்கிலும் வருங்கால வைப்பு நிதியிலும் (பி.எஃப்.) வாரிசுப் பெயர் (நாமினி) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் இந்த ஒரு காகிதத்துக்காக அலைவதைப் பார்க்கச் சகிக்காது. அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எந்த வேதபாடம் என்று எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ அவர் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். இதைச் செய்தவர்களின் முகத்தில் கடைசி நாட்களில் இருந்த அமைதியை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

அடக்கம் முடிந்து மாதங்களாகியும் அழுகிறேன். நம்பிக்கை உள்ளவர்கள் இப்படி அழலாமா?

அழலாம். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. முப்பதாம் நாள் ஜெபத்தோடு துக்கம் முடிந்துவிட வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் நின்றே போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. முதல் மூன்று நாள் வீடு கொள்ளாமல் ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் இரண்டாம் மாதத்தில் போங்கள். இரவுச் சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுபோங்கள். கணவனை இழந்தவர் தனக்கென்று அடுப்புப் பற்றவைக்க மனமில்லாமல் இருப்பார். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப்போகும் கீத பவனி கிளம்பும்போது துக்க வீடு என்று சொல்லி அந்த வாசலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முந்தின நாளே போய்க் கேளுங்கள். வரச் சொன்னால் மேளமில்லாமல் ஒரு பாட்டு பாடிவிட்டு, கொடுக்கிற தேநீரை உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.